எழுதிவைத்த இசைக்கு நடத்துநர் எதற்கு? கிளைபரின் 1974ஆம் ஆண்டுப் பதிவை முன்வைத்து ஒரு பதில்

மட்டக்களப்புக் கல்லடியில் கர்நாடக இசை பயிலும் தம்பி ஒருவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை எந்த வாத்தியக் குழு வாசித்தாலும் தாளில் இருப்பவை அதே சுரங்கள்தானே, அப்படியிருக்க முன்னால் நின்று கையை அசைக்கும் நடத்துநரால் என்ன மாறிவிடப் போகிறது என்பது முதலாவது. இத்தனை பதிவுகள் கிடைக்கும்போது நான் கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதிவையே சொல்லிவருவது ஏன் என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கான விடை இரண்டாவது கேள்விக்குரிய பதிவுக்குள்ளேயே இருப்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் சொல்லும் பதிவு, கார்லோஸ் கிளைபர் நடத்த, வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவினர் 1974ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் வியன்னாவின் மூசிக்ஃபெரைன் மண்டபத்தில் வாசித்தது. டொய்ச்சே கிராமஃபோன் நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. நான்கு பகுதிகளும் சேர்ந்து 33 நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். பிற்காலத்தில் வந்த இறுவட்டில், அதே குழுவுடன் அவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் பதிவுசெய்த ஏழாம் சிம்பொனியும் கூடவே இருக்கிறது.

1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட மறுவருடம், புளியந்தீவில் ஒரு பறங்கியர் குடும்பத்துப் பெரியவரின் வீட்டில்தான் இதை முதன்முதலாகக் கேட்டேன். தம் சமூகத்துக் கலியாண வீடுகளில் கபிறிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசிப்பவர் அவர். கூரை பறந்துபோன அந்த வீட்டில் தகரப்பெட்டிக்குள் இருந்த காரணத்தால் தப்பிய ஏழெட்டு இசைத்தட்டுகளில் இதுவும் ஒன்று. அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்ட மகள் அனுப்பியது. முதற் பகுதியில் ஓபோ என்ற ஊதுகருவி தனித்து ஒலிக்கும் இடத்தில் தட்டில் ஒரு கீறல் விழுந்திருந்தது. இன்றைக்கும், மாசுமறுவற்ற இறுவட்டில் கேட்கும்போதுகூட, அந்த இடம் நெருங்கினால் என் செவி அந்தச் சிறு ஓசைக்குக் காத்திருக்கிறது. இன்னொன்றும் நினைவிருக்கிறது. ஊசியைத் தட்டின்மேல் வைத்த கையோடு, ஒரு சுரமும் ஒலிக்காத அந்த நேரத்தில், பெரியவரின் வலக்கை மேலே போய்க் கீழே இறங்கும்; அது இறங்கிய பிறகுதான் வயலின்கள் தொடங்கும். இசை பிந்தியா வருகிறது, இவர் முந்தியா அடிக்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

உங்களுக்கு இது உடனே விளங்கும், தம்பி, ஏனெனில் பாட்டு தாளத்தின் எந்த இடத்தில் புறப்படுகிறது என்று சொல்லும் எடுப்பு என்பதை நீங்கள் படித்தவர். இந்தச் சிம்பொனி ஓர் அனாகத எடுப்பு, அதாவது தாளம் விழுந்த பிறகு புறப்படுவது. உலகம் முழுவதும் அறிந்த அந்த நான்கு சுரங்களுக்கு முன்னால், தாளின் முதற் குறியாகப் பீத்தோவன் எழுதியிருப்பது ஒரு சிறு மௌனம்; தாளம் அந்த மௌனத்தில் விழுகிறது, சுரங்கள் அதற்கு அப்பால் புறப்படுகின்றன. நமது கச்சேரியில் பாடகர் கையில் தாளம் இருக்கும். மிருதங்கக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று நான்கு பேருக்குள் ஒரு கண்ணசைவு போதும். அறுபது எழுபது பேர் ஒரு மௌனத்தின் மேல் ஒன்றாகத் தாளமிட்டு, அது முடிந்த கணத்தில் ஒரே மூச்சாகப் புறப்பட வேண்டுமென்றால், அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்பதை ஒருவர் காட்டியாக வேண்டும். நடத்துநர் இந்தச் சிம்பொனியில் செய்யும் முதல் வேலை, ஒலி இல்லாத ஓர் இடத்தை அளந்து கொடுப்பது. அந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். தாளில் உள்ள சுரங்கள் ஒன்றாகவே இருந்தும் இரண்டு பதிவுகள் முதல் விநாடியிலேயே வேறுபட்டுவிடுவது இதனால்தான்.

சுரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் கிளைபர் செய்வதன் அருமை அதில் தங்கியிருக்கிறது. இப்படைப்பின் ஆதார சுரமான ஸட்சத்தை அவர்களுடைய ‘சி’ என்று வைத்துக்கொண்டால், தொடக்கச் சுரங்கள் ப ப ப க, பின்பு ம ம ம ரி. காந்தாரம் சாதாரண காந்தாரம். ஆனால் ஸட்சம் இன்னும் ஒலிக்கவில்லை. சுருதிப் பெட்டியின் துணையில்லாமல் இந்த எட்டுச் சுரங்களை மட்டும் கேட்பவர், அந்தக் காந்தாரத்தையே ஸட்சமாகக் கொண்டு க க க ஸ, ரி ரி ரி நி என்று சங்கராபரணமாகவும் கேட்கலாம். அதற்குப் பிறகு தாழ்ந்த வாத்தியங்கள் ஸட்சத்தைப் பிடித்த பின்னரே நாம் நிற்பது கீரவாணியும் நடபைரவியும் கலந்த நிலம் என்பது உறுதியாகிறது. பீத்தோவன் நம்மை, ஸட்சத்தை இடம்மாற்றி அதே சுரங்களை வேறு ராகமாக்கும் கிரகபேதத்தின் வாசலில் நிறுத்தி அலைக்கழிக்கும் சில விநாடிகள் இவை. பல நடத்துநர்கள் இந்த எட்டுச் சுரங்களையும் கல்வெட்டுப்போலப் பெரிதாகவும் மெதுவாகவும் வாசிக்கச் செய்கிறார்கள். அப்படிச் செய்யும்போது கேள்வியாக இருக்க வேண்டியது தீர்ப்பாகிவிடுகிறது. கிளைபர் அவற்றைப் பின்வரும் பகுதியின் அதே நடையில் வாசிக்கவைத்து, சுரத்தைப் பிடித்து நிறுத்தும் நீட்சிகளை அலங்கரிக்காமல் விட்டு, அடுத்த அடிக்குள் இறங்கிவிடுகிறார். விதி கதவைத் தட்டும் ஓசை இது என்று எல்லாரும் சொல்லும் கதை பீத்தோவனின் உதவியாளராக இருந்த ஷிண்ட்லர் என்பவர் வழியாக வந்தது. செவி கேளாத பீத்தோவனுடன் மற்றவர்கள் எழுதிப் பேசிய உரையாடற் குறிப்பேடுகளிலேயே பொய்யாக எழுதிச் சேர்த்தவர் என்று பின்னாளில் நிறுவப்பட்டவர் அவர். அந்தக் கதையை மறந்துவிட்டுக் கேட்பது நல்லது.

இந்தப் பதிவைக் கேட்பவர்கள் முதலிற் சொல்வது, என்ன வேகம் என்பதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பீத்தோவன் 1817இல் வெளியிட்ட தம் வேகக் குறிப்பில் முதற் பகுதிக்கு நிமிடத்துக்கு 108 என்று கொடுத்தார். அது ‘பார்’ எனப்படும் கூறு ஒன்றுக்கு ஓர் அடி. இப்பகுதியில் 502 கூறுகள். மீண்டும் வாசிக்கச் சொல்லியிருக்கும் முதல் 124 கூறுகளையும் சேர்த்தால் 626. நீட்சிகளை ஒதுக்கிவைத்தால், அவர் கேட்ட வேகத்தில் இது ஆறு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கிளைபர் ஏழு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். அக்காலத்து வாத்தியங்களின் அமைப்பிலேயே செய்த கருவிகளோடு பிற்காலத்தில் வாசித்த சில குழுக்கள் இவரைவிடத் தெளிவாகவே விரைந்திருக்கின்றன. இருந்தும் இதைக் கேட்கையில்தான் மூச்சுப் பிடிக்கிறது. காரணம் வேகத்தில் இல்லை, காலப்பிரமாணத்தில் இருக்கிறது. எடுத்த காலத்தை அவர் விடுவதில்லை; மற்றவர்கள் உருகித் தளரும் இடங்களில், உதாரணமாக ஹோர்ன் அழைப்புக்குப் பிறகு வயலின்கள் மென்மையான இரண்டாம் கருத்தை, அதாவது இரண்டாவது இசை வரியை, தொடங்கும் இடத்தில், அவருடைய அடி அப்படியே நடக்கிறது. அந்த மென்மைக்கு அடியில் செலோக்களும் டபிள் பேஸ்களும் முதல் நான்கு சுரங்களின் சந்தத்தைத் தாழ்ந்த குரலில் முணுமுணுப்பதை, தாளம் தளராத காரணத்தால் நாம் அச்சத்தோடு கேட்கிறோம்.

இதனாலேயே அந்த ஓபோ இடம் இப்பதிவில் அவ்வளவு ஆழமாகப் பதிகிறது. முதற் பகுதியின் பிற்பாதியில் வாத்தியங்கள் எல்லாம் சட்டென நின்றுவிட, ஓபோ மட்டும் தாளக் கட்டை விட்டு ஒரு சிறு அடியைப் பாடும். நமது முறையிற் சொன்னால் கிருதியின் நடுவே புகுந்த ஒரு வரி விருத்தம். அதுவரை தாளத்தை அங்குமிங்கும் நெகிழ்த்தியிருந்தால் இந்த நெகிழ்ச்சிக்குப் பொருளே இருக்காது. கிளைபர் ஒரு மயிரிழையும் நெகிழ்த்தாமல் வந்திருக்கிறார். ஆகவே அந்தத் தனிக்குரலில் ஒரு மனிதர் கூட்டத்திலிருந்து விலகி நிற்பதுபோல இருக்கிறது. வியன்னாக் குழுவின் ஓபோ மற்றைய ஊர்களில் வாசிப்பதைவிட வேறான அமைப்புடையது, குரலும் சற்று ஒடுங்கியது. அதுவும் இந்த இடத்துக்கு வாய்த்துவிட்டது.

நடத்துநரின் இடத்தை நான் உணர்ந்தது புத்தகத்தில் அல்ல. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கன்னன்குடாப் பக்கத்துக் கூத்துக் களரிகளில் விடிய விடிய இருந்து பார்த்த, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார்களிடம்தான் அதை உணர்ந்தேன். வட்டக் களரியின் நடுவில் மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியார், வரவுத் தாளக்கட்டைச் சொல்லி ஆட்டக்காரரை உள்ளே கொண்டுவருகிறார். பாட்டை எடுத்துக் கொடுக்கிறார். பிற்பாட்டுக்காரர் எப்போது ஏந்த வேண்டும் என்பது அவருடைய மத்தளத்தில் தெரிகிறது. ஆட்டக்காரருக்குப் பாட்டுகளைப் பங்கிட்டுச் சட்டங்கொடுத்த நாளிலிருந்து அரங்கேற்றம் வரைக்கும் மாதக்கணக்கில் பழக்கிய பின்னும், அரங்கேறும் இரவில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் காலையும் மூச்சையும் பார்த்துத்தான் அவர் காலத்தை வைக்கிறார். ஏட்டில் இருக்கும் பாட்டு ஒன்றுதான், ஆனால் அண்ணாவியார் மாறினால் கூத்து மாறிவிடும் என்பதை எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. அண்ணாவியாரின் கையில் மத்தளம் இருக்கிறது; சிம்பொனி நடத்துநரின் கையில் ஒலியெழுப்பும் எதுவும் இல்லை. ஆகவே அவருடைய உழைப்பின் பெரும்பகுதி ஒத்திகையில் முடிந்துவிடுகிறது.

ஒத்திகை போதாமற் போனால் நேர்வதற்கு இச்சிம்பொனியின் அரங்கேற்றமே சான்று. 1808 டிசம்பர் 22ஆம் திகதி, வியன்னாவில் கடுங்குளிரில் நான்கு மணிநேரம் நீண்ட கச்சேரி அது. ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகள் இரண்டும் அன்றுதான் முதலில் ஒலித்தன. குழு போதிய பயிற்சி இல்லாமல் மேடையேறியிருந்தது. கடைசி உருப்படியான, பியானோவும் பாடகர் குழுவும் சேரும் ஃபன்ரசியா, நடுவில் குலைந்துபோய் மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று. முன்னால் இருந்தவர் பீத்தோவனேதான்.

கிளைபரைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். 1930இல் பேர்லினில் பிறந்தபோது அவர் பெயர் கார்ல். தந்தை எரிக் கிளைபர் பேர்லின் அரச ஒபராவின் தலைமை நடத்துநர். நாற்சிகள் புதிய இசைமேல் விதித்த தடைகளைப் பொறுக்காமல் 1934இல் பதவியைத் துறந்தவர். குடும்பம் தென்னமெரிக்காவுக்குப் போயிற்று, கார்ல் கார்லோஸ் ஆனார். மகன் இசைக்கு வருவதில் தந்தைக்கு விருப்பமில்லை. சூரிச்சில் இரசாயனம் படிக்க அனுப்பினார். மகன் திரும்பி இசைக்கே வந்தார்; பொட்ஸ்டாமில் நடத்தியபோது தந்தையின் நிழல் விழாதிருக்கக் கார்ல் கெல்லர் என்ற புனைபெயரை வைத்துக்கொண்டார். எரிக் கிளைபர் 1953இல் ஆம்ஸ்டர்டாம் கொன்செற்கெபோ குழுவுடன் பதிவுசெய்த ஐந்தாம் சிம்பொனி அன்றே பெரும்புகழ் பெற்றிருந்தது. அவர் 1956இல் மறைந்தார். அதற்கெல்லாம் பிறகு, தமது 43ஆவது வயதில், மகன் வியன்னாக் குழுவின் முன்னால் நின்று அதே சிம்பொனியைத் தொட்டார் என்பதை நினைக்கும்போது, தந்தை வாழ்ந்த வீட்டின் கதவைத் திறந்து தனியே உள்ளே போகும் ஒருவரின் துணிவு எனக்குத் தெரிகிறது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கென்று அவர் வாழ்நாளில் நடத்திய சிம்பொனிகள் ஐந்தே ஐந்து: பீத்தோவனின் ஐந்தும் ஏழும், ஷூபேர்ட்டின் மூன்றும் எட்டும், பிராம்ஸின் நான்கு. ஐந்தையும் வியன்னாக் குழுவே வாசித்தது. 2004இல் அவர் இறந்து ஏழு ஆண்டுகளின் பின், பிபிசியின் இசைச் சஞ்சிகை உலகின் நடத்துநர்கள் நூறு பேரிடம் கேட்டபோது, அவர்கள் தங்கள் கலையில் முதலிடம் கொடுத்தது இவருக்கு.

அவர் ஒத்திகையில் பேசிய முறையை 1970இல் ஷ்ருற்கார்ட்டில் எடுத்த படச்சுருளில் காணலாம். சத்தமாக, மெதுவாக என்ற சொற்கள் அவருக்குப் போதவில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஓர் உவமை, ஒரு காட்சி, ஒரு மனநிலை சொல்லிக் கேட்கிறார். எனக்கு மிக நெருக்கமாகப் படுவது 1982இல் வியன்னாவில் நடந்தது. பீத்தோவனின் நான்காம் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சந்தத்தை, தெரேஸ என்ற பெண்பெயரைச் சொல்வதுபோல வாசிக்கும்படி கேட்டார். அவர்கள் வாசித்ததில் தெரேஸ கேட்கவில்லை, மாரி என்றுதான் கேட்கிறது என்று சொல்லி, ஒத்திகையை விட்டே வெளியேறிவிட்டார். கடுங்கோபக்காரர் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. நான் இதில் சொற்கட்டைக் காண்கிறேன். தாளத்தை முதலில் வாயாற் சொல்லிப் பழகிய நமக்கு, ஒரு சந்தம் எண்ணிக்கையில் சரியாக இருந்தும் சொல்லில் பிழைத்துவிடக்கூடும் என்பது தெரியும்; தகிட என்பதை மூன்று தட்டாகத் தட்டியவனுக்கும் தகிட என்று சொல்லித் தட்டியவனுக்கும் உள்ள தூரம் அது. வியன்னாக் குழு 1842இல் தொடங்கியது. 1933க்குப் பிறகு நிரந்தர நடத்துநரை வைத்துக்கொள்ளாத குழு. ஐந்தாம் சிம்பொனியைத் தலைமுறை தலைமுறையாக வாசித்துவருபவர்கள். யார் வந்து நின்றாலும் அவர்களால் பிழையின்றி வாசித்துவிட முடியும். அந்த வழக்கமான வாசிப்பை அவர்களிடமிருந்து பிடுங்கி, முதன்முறை தாளைப் பார்ப்பவர்களின் பதற்றத்தை அவர்களுக்குள் வைத்ததுதான் 1974இல் கிளைபர் செய்த வேலை.

இரண்டாம் பகுதியை விரைந்து கடக்கிறேன். வயோலாவும் செலோவும் சேர்ந்து பாடும் அந்த அழகான கருத்தும் அதன் மாற்றங்களும் இங்கே நன்றாகவே வந்திருக்கின்றன, ஆனால் இந்தப் பகுதியில் எனக்கு இன்னும் சிறிது ஓய்வு வேண்டும்போல இருக்கும். அதை வேறு சிலர் தந்திருக்கிறார்கள்.

மூன்றாம் பகுதிக்கு மட்டும் கைப்பேசியின் ஒலிபெருக்கியை நம்ப வேண்டாம். செலோவும் டபிள் பேஸும் மிகத் தாழ்ந்து, இருட்டில் படியேறுவதுபோல எழும் அந்தத் தொடக்கம் அதில் கேட்கவே கேட்காது. நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு, வீடு அடங்கிய பிறகு கேளுங்கள். முழுநிலவில் தோணியில் போய், தண்டைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மேல்நுனியில் காதை வைத்து வாவியின் மீன்பாடலைக் கேட்பார்களே, அந்தக் கவனம் இதற்கு வேண்டும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ்நூலில் சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்தவர். அந்த வாவியில் பாடும் நீர்த்தேவதையரான நீரர மகளிரின் பாடலுக்கும் அவர் செவி கொடுத்திருந்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பகுதியின் முடிவிலிருந்து நான்காம் பகுதிக்குள் போகும் வழிதான் இப்பதிவின் உச்சம். இடையில் நிறுத்தம் இல்லை. நரம்பு வாத்தியங்கள் அசையாமல் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்திருக்க, டிம்பனி என்ற பெருமுரசு மட்டும் மிக மெதுவாக, முதற் பகுதியின் அந்தச் சந்தத்தையே ஸட்சத்தில் தட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு வயலின்கள் மெல்ல அசையத் தொடங்க, ஏறக்குறைய ஐம்பது கூறுகள் இப்படிப் போகின்றன. ஒலி கூடவில்லை, எங்கே போகிறோம் என்று தெரியவில்லை. இந்த இடத்தில் பரபரப்பை முன்கூட்டியே காட்டிவிடும் நடத்துநர்கள் உண்டு. கிளைபர் கடைசிக் கூறுகள் வரைக்கும் எதையும் வெளிவிடுவதில்லை. பிறகு ஒரே எழுச்சியில் ஒலி பெருகி, அதே ஸட்சத்தின்மேல் கீரவாணி நிலம் மறைந்து சங்கராபரணம் திறக்கிறது. அதுவரை மூன்று பகுதிகளிலும் வாசிக்காமல் காத்திருந்த மூன்று ட்ரொம்போன்கள், பிக்கலோ, இரட்டை பசூன் ஆகிய ஊதுகருவிகள் அந்தக் கணத்தில்தான் முதன்முறையாக வாய்திறக்கின்றன. நாற்பத்தைந்து வருடமாகக் கேட்கிறேன். அந்த இடத்தில் இன்றும் என்னால் இருக்கையில் சாய்ந்திருக்க முடிவதில்லை. இப்பகுதியின் முற்பாதியை மீண்டும் வாசிக்கும்படி பீத்தோவன் கேட்டிருக்கிறார். பலர் அதை விட்டுவிடுவார்கள், கிளைபர் வாசிக்கவைக்கிறார். அத்தனை நேரம் இருட்டில் நடந்தவர்களுக்கு இந்த வெளிச்சம் ஒருமுறை போதாது.

எதிர்வழியில் போன பெரியவர் ஒருவரையும் கேட்காமல் என் விருப்பத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். போர் முடிந்து இரண்டு வருடங்களின் பின், 1947 மே மாதத்தில், சிதைந்து கிடந்த பேர்லினில் நடத்துநர் ஃபுர்ட்வெங்க்லர் தம் பழைய குழுவான பேர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் முன்னால் மீண்டும் வந்து நின்று நடத்திய ஐந்தாம் சிம்பொனியின் பதிவு கிடைக்கிறது. காலப்பிரமாணம் அங்கே கடலைப்போல ஏறி இறங்கும். நான் மேலே பாராட்டிய ஒழுங்கு எதுவும் அதில் இல்லை, ஆனாலும் அது பெரும் வாசிப்பு. இரண்டு பதிவுகளின் முதல் ஒரு நிமிடத்தை மட்டும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கேட்கும்போது கையாற் தாளம் போடுங்கள், பதிவு தொடங்குவதற்கு முன்னரே போடத் தொடங்குங்கள். முதற் பகாரம் ஒலிக்கும் கணத்தில் உங்கள் கை கீழே இறங்கி முடிந்திருக்கிறதா, இல்லை இன்னும் காற்றில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.